மழைப் புத்தகத்தில் எட்டு நாள்

பாளையங்கோட்டை மிஷன் காலேஜில் அந்தக் காலத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று கணக்கு வாத்தியார் வைத்தியலிங்கம் பிள்ளை கட்சி. மற்றது சயன்ஸ் வாத்தியார் சத்தியநேசன் கட்சி. சாமி விஷயமான சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு டவுணிலிருந்து வில்வண்டியில் வந்து பன்னிரண்டு வருஷமாக அங்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். சத்தியநேசன் சாத்தான்குளத்துச் செம்மணல் தேரிக்காட்டில் பனையேறி வீட்டில் பிறந்து, மிஷன் போர்டிங்கில் கஞ்சி குடித்துப் படித்து, பட்டணம் போய் பி.ஏ. முடித்து வந்த கிறிஸ்தவர். அவர் ஜெபத்தை அவர் செய்வார், இவர் தேவாரத்தை இவர் முணுமுணுப்பார். வழக்கெல்லாம் வகுப்புக்குள் வாத்தியார் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான்.

பிள்ளை நோட்ஸ் சொல்லுவார். காற்புள்ளி முதல் முற்றுப்புள்ளி வரை சொல்லுவார். பையன்கள் தலை நிமிராமல் எழுதி, வீட்டுக்குப் போய் உருப்போட்டு, பரீட்சையில் கக்கிவிட்டு வருவார்கள். பாஸும் ஆவார்கள். அதில் பொய் சொல்ல முடியாது, அவர் கையில் படித்தவன் தாலுகா கச்சேரி தோறும் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

சத்தியநேசன் நோட்ஸே சொல்ல மாட்டார். "பாரு. பார்த்ததைச் சொல்லு. பார்க்காததைச் சொல்லாதே" என்பார், அவ்வளவுதான். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பையன்களை உட்கார வைத்துவிடுவார். "இது பரீட்சைக்கு வருமா ஐயா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பார். ஒரு வாத்தியார் வாயிலிருந்து, அதுவும் சத்தமாக, தெரியாது என்ற சொல் வருமா? அந்த ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பையன்களில் பாதிப் பேர் அவரை வைதார்கள். மீதிப் பேர் அவர் பின்னாலேயே திரிந்தார்கள்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு புத்தகம். காலேஜ் வேதக்கோயிலுக்குத் தெற்கே திறந்த வெளியில் செம்புப் புனல் வைத்த ஒரு மழைக் குப்பி உண்டு. தினமும் காலை எட்டு மணிக்குப் பையன்கள் முறைவைத்துப் போய்க் குப்பித் தண்ணீரை அளந்து, அங்குலத்தை நூறு பங்காக்கி, இத்தனை சென்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வந்தது. அதைத்தான் எல்லாரும் மழைப் புத்தகம் என்றார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் ஆடி மாசம். காற்று பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. காம்பவுண்டு வேப்பமரங்கள் தலைவிரித்து ஆடின. அடுப்படியில் சத்தியநேசன் வீட்டம்மா ஞானசௌந்தரி உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். சத்தியநேசன் குனிந்து வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஞானம், வியாழக்கிழமை சர்வகலாசாலையிலிருந்து கமிஷன் வருது. ரெண்டு பேரு. நம்ம சயன்ஸ் வகுப்பு இருக்கணுமா, மூடணுமான்னு பாத்து எழுதப் போறாவ."

"மூடிட்டா?"

"மூடிட்டா எனக்கு இங்கன என்ன வேலை? சாத்தான்குளம் போர்டிங் ஸ்கூலுக்குப் போன்னுருவாவ. வீட்டையும் விடணும்."

அவள் கண் தானாக உள் அறைக்குப் போயிற்று. நாலு வயசு சுகிர்தம் பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து மூச்சு இழுப்பு. மாசத்துக்கு இரண்டு தடவையாவது மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். தேரிப் புழுதியில் ஆஸ்பத்திரியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"பயப்படாத" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு. "நம்மகிட்டத் தராசு இல்ல, நல்ல கண்ணாடிச் சாமான் இல்ல. ஆனா மழைப் புத்தகம் இருக்கு. மூணு வருஷம், ஒரு நாள் விட்டுப்போகலை. இந்த மாதிரி எந்தக் காலேஜிலயும் கிடையாதுன்னு பிரின்சிபால் துரையே அவங்களுக்கு எழுதிட்டாரு."

ஞானசௌந்தரியின் கை அம்மியின் மேல் நின்றுவிட்டது. "காஞ்சிருச்சு, தண்ணி தெளிக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

விஷயம் இதுதான். போன மார்கழியில், கிறிஸ்மஸ் லீவுக்குப் பையன்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சத்தியநேசன் விஷக் காய்ச்சலில் விழுந்தார். தன்னை மறந்து பிதற்றுகிற காய்ச்சல். பிதற்றலிலும் "குப்பி, குப்பி" என்றார். முதல் நாள் அவளே குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்து எழுதிவிட்டு வந்தாள். அவளுக்கு எழுத்தும் எண்ணும் நன்றாக வரும், அந்தப் புத்தகத்துக்குக் கோடு போட்டுத் தைத்துக் கொடுத்ததே அவள்தான். இரண்டாம் நாள் குழந்தைக்கும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் எட்டு நாள் அவள் வாசலைத் தாண்டவில்லை; ஆஸ்பத்திரி மருந்தைக்கூட ஆள் விட்டுத்தான் வாங்கினாள். வெளியே மழை கொட்டியதா, தூறியதா, அவளுக்குத் தெரியாது. ஓட்டின் மேல் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவர் கண் திறப்பதற்கு முன்னால் அவள் புத்தகத்தை எடுத்தாள். எட்டு நாள் வெறுமையாகக் கிடந்தது. பார்த்ததும் அவளுக்கு அப்பாவின் புத்தகம் ஞாபகம் வந்தது.

அவள் அப்பா நேசையா, ஊர் ஊராய் நடந்து வேதம் சொல்லும் மிஷன் உபதேசியார். மாசா மாசம் மிஷன் துரைக்கு ரிப்போர்ட் புத்தகம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எந்த ஊருக்குப் போனார், எத்தனை பேரோடு பேசினார், எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் வெறுமையாக இருந்தால், "அன்றைக்குக் கர்த்தருடைய வேலை இல்லையோ?" என்று துரை கேட்பார். அதனால் மாசக் கடைசி நாள் சாயங்காலம் வீட்டில் ஒரே அமளியாக இருக்கும். அம்மா ஞாபகப்படுத்த, அப்பா எழுதுவார். ஞாபகம் வராத நாளுக்கு, "ஆறு பேர்ன்னு போடுங்க, எப்பவும் ஆறு பேர் வருவாங்கதானே" என்பாள் அம்மா. அதைப் பொய் என்று அந்த வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. வேலை செய்யாதவரா அவர்? காலில் முள் தைக்கத் தைக்க நடந்தவர். எழுத விட்டுப்போனதை நிரப்புகிறார், அதில் என்ன? உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது.

ஞானசௌந்தரியும் நிரப்பினாள். முந்தின பக்கங்களைப் பார்த்து, பத்து, இருபத்திரண்டு, ஐந்து, நாற்பது என்று எட்டு நாளுக்கும் எழுதினாள். அப்போது மனசு லேசாகத்தான் இருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் புத்தகத்தைக் கேட்டார். புரட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெனமும் போயிப் பாத்தியா ஞானம்? இந்த மழையில?"

அவள் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் ஏழு மாசமாக அவளைத் தின்றது. ஏனென்றால் மனுஷன் அதோடு விடவில்லை. லீவு முடிந்த முதல் நாளே வகுப்பில் போய், "புருஷனும் பிள்ளையும் படுக்கையில கிடக்க, ஒரு பொம்பிளை தெனமும் நனைஞ்சுகிட்டே போய்ப் பாத்து எழுதியிருக்கா. படிப்புன்னா அதுதாம்லே" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை பிள்ளை வீட்டுக்கு வந்தார். காம்பவுண்டு கிணற்றடியில் வண்டியை விடச் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சுக்குத்தண்ணி கேட்டார். காப்பி அவருக்கு ஆகாது.

"என்ன வே, நாளைக்கு உம்ம கூத்து எல்லாம் அரங்கேறுதாமே?"

"வாரும் வே. நல்ல வார்த்தை சொல்ல மாட்டீரே."

"நல்ல வார்த்தைதான் சொல்ல வந்தேன். இந்த ஒரு நாளாவது பயலுவகிட்ட நாலு பதிலை எழுதிக் குடும். கமிஷன் கேட்டா டக்குன்னு சொல்லட்டும். வந்தவன் கேக்கும்போது உம்ம பயலுவ 'பாத்துட்டுச் சொல்லுதோம்'ன்னு நின்னா வகுப்பு அன்னைக்கே காலி."

"பாக்காம எப்படி வே சொல்ல?"

"இது ஒரு பேச்சா!" பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வகுப்புக்கு வாரவன் யாரு? கடன உடன வாங்கி அப்பன் அனுப்புதான். பய பாஸ் பண்ணினாத்தான் அந்த வீட்டுல உலை கொதிக்கும். அவன் சொந்தமா யோசிச்சு, தப்பு விட்டு, திருந்தி வர்றதுக்குள்ள வீடு முங்கிப்போகும் வே. நான் அவனைத் தோளுல தூக்கி அக்கரையில விடுதேன். நீரு நீந்தக் கத்துக் குடுக்கேன்னு நடு ஆத்துல விடுதீரு."

"தூக்கிவிட்டவன் இன்னொரு ஆத்துல என்ன செய்வான்?"

"இன்னொரு ஆறு வரும்போது பாப்போம்!" சுக்குத்தண்ணியை உறிஞ்சிவிட்டு ஞானசௌந்தரி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தங்கச்சி. நான் சொல்லுதது தப்பா?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள்.

"ஒனக்குத் தெரியாதா? காலேஜ் பூரா ஒன் பேரைத்தான சொல்லுதாரு. அந்தப் புத்தகம் ஒண்ணுதான் நாளைக்கு ஒங்களைக் காப்பாத்தணும். பத்திரமா வச்சிரு."

அவர் போன பிறகு அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் காஜா முகைதீன் வந்தான். பேட்டை நெசவுகாரர் வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயசு, கல்யாணம் ஆனவன். வகுப்பில் கெட்டிக்காரன் என்றால் அவன்தான். புத்தகத்தைப் பார்த்து வருஷத்து மழையைப் பெரிய காகிதத்தில் கோடாக வரைந்து கொண்டுவந்திருந்தான். கமிஷனுக்குச் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டுமாம்.

காகிதம் காற்றில் பறக்காமல் இரண்டு பேரும் மூலைக்கு ஒரு செம்பை வைத்தார்கள். மலை மாதிரி ஏறி இறங்கிப் போன கோடு, மார்கழி நடுவில் அந்த லீவு நாட்களில் மட்டும் சமதரையாகக் கிடந்தது. அவள் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்று அவன் பார்த்தான். சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனுக்குத் தெரியும் என்று அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, அந்த வாரம் உங்க பக்கம் மழை எப்படி?"

"பெஞ்சிச்சும்மா."

"எவ்வளவு?"

அவன் காகிதத்தின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்தான்.

"சொல்லு தம்பி."

"எங்க வீட்டுல குழித்தறிம்மா. காலு வச்சு மிதிக்கிற குழி இடுப்பு மட்டும் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி விடியறதுக்குள்ள குழி நிறைஞ்சு தண்ணி தறிக்கட்டைக்கு வந்திருச்சு. வாப்பாவும் நானும் செம்பை வச்சு இறைச்சோம், தீரலை. தறியில பூட்டின பாவு நூலெல்லாம் ஊறி, போட்ட கஞ்சி கரைஞ்சு போச்சு. எங்க தெருவுல அஞ்சு நாளு தறிச் சத்தமே இல்ல. உம்மா தலையில கைய வச்சுகிட்டு உக்காந்துட்டாக."

வெள்ளிக்கிழமைக்கு அவள் எழுதியிருந்தது நாற்பது சென்ட். அரை அங்குலம் கூட இல்லை. அந்தப் பக்கத்திலேயே பெரிய எண் அதுதான் என்று அன்றைக்குப் பெருமையாக வேறு நினைத்திருந்தாள்.

"புத்தகத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிச்சு. பேட்டை இங்கனயிருந்து நாலு மைலு, ஒருவேளை இங்கன பெய்யலியோன்னு நினைச்சேன். அப்புறம் இங்கன போர்டிங் சமையக்காரர்கிட்டக் கேட்டேன். இங்கனயும் சுவரு இடிஞ்சு விழுந்திச்சுன்னாரு."

"விசாரிக்கக்கூடச் செய்திருக்க. ஏன் ஐயாகிட்டச் சொல்லலை?"

அவன் கண் கலங்கிவிட்டது. "ஐயா உங்களைப் பத்தி வகுப்புல அப்படிச் சொன்னாக. அதுக்கு மேல நான் எந்திரிச்சு என்னத்தம்மா சொல்ல?"

அவன் செம்புகளை எடுத்து ஒழுங்காக வைத்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஞானசௌந்தரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். தான் ஒரு பொய் சொன்னாள், சரி. ஒரு நல்ல பிள்ளையையும் ஏழு மாசம் வாயைக் கட்டிப்போட்டுவிட்டாளே! அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் சொன்னால் நாளைக்கு என்ன ஆகும்? சுகிர்தம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் படுத்துக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள்.

சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவியதும் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "எட்டு நாளும் நான் போகலை. பிள்ளைக்கு இழுத்திச்சு. பாக்காம எழுதினேன். நீங்க கேட்டப்போ தலையை ஆட்டினேன்."

சத்தியநேசன் துண்டை வைத்த கையோடு நின்றார். வைவார் என்று எதிர்பார்த்தாள். வைதிருந்தால் தேவலை.

"காஜாவுக்குத் தெரியும்" என்றாள். குழித்தறியைச் சொன்னாள், சமையற்காரரைச் சொன்னாள்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். "அவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலியா?"

"உங்க மேல உள்ள மரியாதைதான். என் மேலயும்."

"அப்போ நான் மூணு வருஷமா என்னத்தச் சொல்லிக் குடுத்தேன் ஞானம்?" என்றார் அவர். "நோட்ஸை உருப்போடாதேன்னேன். அவன் என்னையே உருப்போட்டுகிட்டான். ஆத்துல வெள்ளம் வந்ததை நானும் கேட்டேன், மலையில பெஞ்ச மழைன்னு நினைச்சுகிட்டேன். கேட்டிருக்கலாம். கேக்கலை. நீ எழுதினதாச்சேன்னு இருந்துட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்க. வெறும் இடம் விடப் பயந்துட்டேன். எங்க அப்பா புத்தகத்துல வெறும் இடமே கிடையாது."

"நீ பிள்ளையோட அல்லாடிகிட்டுக் கிடந்த நேரத்துல குப்பியைப் பத்திப் பிதற்றினவன் நான். அதை யாருகிட்டச் சொல்லி அழ?" அவர் எழுந்து போய்ச் சிவப்பு மையும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "நான் அடிச்சா சரிப்படாது. எழுதினது நீ."

"வீடு போயிரும். சுகிர்தம்..."

"தெரியும்" என்றார். கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அவர் பாட்டுக்குத் திரும்பி, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைக் கட்டப் போனார்.

அவள் பேனாவை எடுத்தாள். எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஓரத்தில், 'பார்க்கவில்லை, உத்தேசமாக எழுதியது' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சத்தியநேசன் போய்ப் பிரின்சிபால் துரையிடம் சொல்லிவிட்டார். துரை முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. "நாளைக்குச் சொல்லக்கூடாதா இதை?" என்று கேட்டாராம்.

கமிஷன்காரர்கள் இரண்டு பேர், ஒரு வெள்ளைக்காரர், ஒரு பட்டணத்துத் தமிழர். அவர்களுக்குத் தேத்தண்ணியும் முந்திரிக்கொத்தும் செய்து கொண்டுவரும் பொறுப்பு ஞானசௌந்தரிக்கு இருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அவள் சயன்ஸ் அறையின் பக்கவாசலில் நின்றபோது, தமிழர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையும் ஒரு மூலையில் நின்றார். பேச்செல்லாம் இங்கிலீஷில். அவளுக்குப் போதுமான அளவு புரிந்தது.

"இது என்ன, சிவப்புக் கோடு?"

"அந்த எட்டு நாள் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதப்பட்டது" என்றார் சத்தியநேசன்.

"விட்டுப்போகாத புத்தகம் என்றல்லவா எங்களுக்கு எழுதினார்கள்?"

"நேற்று வரை நானும் அப்படித்தான் நம்பினேன்."

"தப்பு என்று எப்படித் தெரிந்தது?"

சத்தியநேசன் வகுப்பைப் பார்த்து, "தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை.

வகுப்பிலிருந்த இருபத்தொரு பையன்களும் குனிந்துகொண்டார்கள். வெளியே காற்று வேப்பங்கொப்பைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. காஜா முகைதீன் தன் கையையே பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான். அவன் பார்த்தது வாத்தியாரை அல்ல, பக்கவாசலில் தட்டோடு நின்றவளை. கேட்கிற பார்வை அது. எல்லாரும் பார்க்க, ஞானசௌந்தரி தலையை ஆட்டினாள்.

அவன் எழுந்தான். அவன் இங்கிலீஷ் நொண்டியது. தறிக்குழியைச் சொன்னான், தண்ணீர் நின்ற உயரத்தைத் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினான், இடிந்த சுவரைச் சொன்னான்.

"அப்படியானால் எத்தனை அங்குலம் பெய்திருக்கும்?" என்று கேட்டார் வெள்ளைக்காரர்.

"தெரியாது" என்றான் காஜா. "அது பேட்டைக் குழி. இங்கே குப்பியை யாரும் பார்க்கவில்லை."

"இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"என் ஆசிரியரை வருத்தப்படுத்த மனசு வரவில்லை. அது பிழை."

கமிஷன்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். மெச்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தராசு எங்கே என்று கேட்டார்கள். இருக்கிற ஒரு தராசும் துருப்பிடித்தது. தேத்தண்ணி குடித்தார்கள். முந்திரிக்கொத்தை வெள்ளைக்காரர் இரண்டு தடவை எடுத்தார். போய்விட்டார்கள்.

புரட்டாசியில் கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு வகுப்பு நடக்கலாம், அதற்குள் நல்ல தராசு வாங்க வேண்டும், பிறகு மறுபடியும் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தது. மழைப் புத்தகத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வரி இல்லை. "இதுக்கா இம்புட்டுப் பாடு!" என்று ஞானசௌந்தரிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஒரு வருஷம். சுகிர்தத்துக்கு இன்னும் ஒரு மழைக்காலம் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, அது போதும் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வில்வண்டி வாசலில் வந்து நின்றது. பிள்ளை இறங்கிய வேகத்தில் அங்கவஸ்திரம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

"எங்க வே அந்த மனுஷன்? வெளிய வாரும்!"

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? அந்தப் பேட்டைப் பய இருக்கானே, இன்னைக்கு என் வகுப்புல, நான் நோட்ஸ் சொல்லிகிட்டிருக்கும்போது எந்திரிக்கான் தங்கச்சி! 'ஐயா, மூணாவது வரி அப்படி வராதே'ங்கான்! பன்னிரண்டு வருஷம்! ஒரு பய என்னை நிறுத்தினது கிடையாது!"

சத்தியநேசன் உள்ளேயிருந்து வந்து நிலையில் சாய்ந்தார். "மூணாவது வரி தப்பா வே?"

பிள்ளை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தால் முகத்தை ஒற்றினார். சுகிர்தம் வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தப்புதான்" என்றார். "பன்னிரண்டு வருஷமா அதே தப்பைத்தான் சொல்லியிருக்கேன். எத்தனை பய எழுதியிருப்பான்! ஒருத்தன் சொல்லலியே வே!"

ஞானசௌந்தரி அடுப்படிக்குப் போய்ச் சுக்கைத் தட்டினாள்.